மாமா விட்டுப் போன எஸ்டேட்

வீட்டுக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் வந்தால் அதிலுள்ள தெரியாத சொற்களுக்குப் பயப்படாதீர்கள். தெரியாத சொல்லை யாரிடமாவது கேட்டுவிடுவோம். ஆளைக் கவிழ்ப்பது தெரிந்த சொல்தான். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நம் வாயில் புழங்கும் சொல்தானே என்று விசாரிக்காமல் தாண்டிப் போய்விடுவோம். என் அம்மாவுக்கு வரவேண்டிய சொத்தில் ஒரு பெரும் பகுதி கையை விட்டுப் போனது அப்படிப்பட்ட ஒரு சொல்லால். அந்தச் சொல் எஸ்டேட்.

நான் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஓ.எல். முடித்த கையோடு கண்டி டவுனுக்கு இறங்கி, இன்று வரை ஒரு ஹாட்வெயார் கடையில் பில் எழுதுகிறேன். எங்களுக்கு எஸ்டேட் என்றால் மலை, ஸ்டோர், லயம், பெரட்டுக்களம், தொரை பங்களா எல்லாம் சேர்ந்த ஓர் இடம். நமக்குள் பேசும்போது தோட்டம் என்போம். பஸ்ஸிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது ஊர் கேட்டால் எஸ்டேட்டின் பெயரைச் சொல்வோம். வீட்டுக்கு இலக்கம் கிடையாது, வீதிக்குப் பெயர் கிடையாது. ஆளின் பெயர், டிவிசன், எஸ்டேட், கலஹா, இதுதான் விலாசம். தபால் லயத்துக்கு ஏறி வராது. தோட்டத்து ஆபீசில் ஒரே கட்டாக இறங்கும். அங்கிருந்து யார் கையிலாவது நம் கைக்கு வரும், வராமலும் போகும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கிடைத்த பிள்ளைகள் மலையகத்தில் எத்தனையோ பேர். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

என் தாய்மாமா சின்ன வயதிலேயே தோட்டத்தை விட்டு வெளியேறியவர். கட்டுக்கலைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் மேசை துடைத்து, பிறகு சொந்தமாகப் பலசரக்குக் கடை போட்டு, அம்பிட்டியவில் காணி வாங்கி ஒரு வீட்டையும் கட்டினார். பிள்ளைகள் இல்லை. மாமி முந்திப் போய்விட்டார். மாமாவும் ஒருநாள் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழும்பவில்லை. கடைசி விருப்பாவணம் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

அவரோடு கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் பெரிய மாமா, அவர் முன்பே இறந்து மகன் மட்டும் டவுனில் இருக்கிறான், எனக்கு மச்சான் முறை. அடுத்தது என் அம்மா. கடைசி சின்னம்மா, கோத்தகிரியில் இருக்கிறார். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. சின்னம்மாவின் புருஷன் வீட்டார் அந்தக் கணக்கில் பேர் கொடுத்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறிப் போய், நீலகிரியிலும் தேயிலையிலேயே நின்றார்கள்.

மாமா இறந்து கொஞ்ச காலத்தில் மச்சான் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்குப் போட்டான். மாமாவின் சொத்தை நிர்வகிக்கும் உரிமையைத் தன் பெயருக்குக் கேட்டான். அவனுடைய சட்டத்தரணி முறை தெரிந்தவர், அம்மாவுக்கும் ரெஜிஸ்டர் தபாலில் அறிவித்தல் அனுப்பினார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்தக் கடிதம் லயத்துக்கு வந்த நாளை அப்பா பல தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். மண்ணிற உறை, மூலையில் சிவப்பு ஒட்டு. அப்பா ரிட்டயரான வாச்சர், இங்கிலீசு தெரியாது. பக்கத்துக் காம்பராப் பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி. பையன் எழுத்துக் கூட்டி வாசித்ததில் அப்பாவின் காதில் விழுந்தவை இரண்டே சொற்கள்: எஸ்டேட், லேட். 'எஸ்டேட் ஒஃப் த லேட்' என்று போட்டு மாமாவின் முழுப் பெயரும் இருந்தது. டவுனில் எல்லோரும் கூப்பிட்டது வேறு பெயர், அடையாள அட்டையில் இருந்தது வேறு பெயர். அதனால் அந்தப் பெயர் அப்பாவின் காதில் ஏறவில்லை.

தோட்டத்தில் லேட் என்றால் என்ன? காலையில் பெரட்டுக்குப் பிந்திப் போனால் கங்காணி "லேட்டு, வீட்டுக்குப் போ" என்பான். அன்றைய பேர் விழாது, சம்பளம் போய்விடும். ஆயுள் முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கும் தோட்டத்துப் பொருளை மட்டுமே அறிந்து வாழ்ந்த மனிதர் என் அப்பா. "எஸ்டேட் கடுதாசிடா, யாரோ லேட்டாப் போன விசயம் போல. ஆபீசில குடுத்துட்டு வாறேன்" என்று அன்று மத்தியானமே கொண்டுபோய்க் கொடுத்தார். இதில் அவர் செய்த பிழை எதுவுமில்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எங்கள் சொந்தத்தில் சிலர் இன்றும் கல்யாண வீடுகளில் அப்பாவைக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

பிழை நடந்தது ஆபீசில். கிளாக்கருக்கு இங்கிலீசு தெரியும், அந்த வேலையே இங்கிலீசுக்காகத்தான் அவருக்குக் கொடுத்தது. முதல் வரியில் எஸ்டேட் என்ற சொல்லைக் கண்டதும் கம்பனிக்கு வந்த காணி வழக்குக் கடிதம் என்று முடிவெடுத்துவிட்டார். "இது எஸ்டேட் சம்பந்தப்பட்டது, இங்கயே இருக்கட்டும்" என்று அப்பாவை அனுப்பினார். இரண்டாவது வரியில் என் அம்மாவின் பெயர் இருந்தது. உறையின் மேலும் அம்மாவின் பெயர் இருந்தது. பின்னால் அந்தக் கடிதத்தை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் பைலில் கோக்க இரண்டு ஓட்டை போட்டு, மேலே தோட்டத்து ஆபீசின் திகதி முத்திரை அழுத்தி, ஓரத்தில் பென்சிலால் ஒரு இலக்கமும் எழுதியிருந்தது. இவ்வளவும் செய்தவருக்கு இரண்டாவது வரியை வாசிக்க நேரம் கிடைக்கவில்லை. லயத்து மனுசிக்கு லோயர் எதற்கு எழுதப் போகிறார் என்ற நினைப்புத்தான் அது. வேறு விளக்கம் யாராவது சொன்னால் கேட்கத் தயாராக இருக்கிறேன், இதுவரை யாரும் சொல்லவில்லை.

பதில் போகாததால் அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஆயிற்று. மச்சானுக்கு நிர்வாகப் பத்திரம் கிடைத்தது. கடைச் சாமானை விற்றான், பிறகு கடையையே கைமாற்றினான். அந்தத் தீபாவளிக்கு லயத்துக்கு வந்து அம்மா கையால் சோறு தின்றுவிட்டுத்தான் போனான். "அத்தை, கோட்டிலிருந்து கடிதம் வந்ததா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எனக்கு விசயம் தெரிய வந்தது சீமெந்து பில் ஒன்றால். அம்பிட்டியவில் மாமாவின் பக்கத்து வீட்டுக்காரர் சாமான் வாங்க வந்தவர், கடையில் வேறு பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறதே, உங்கள் ஆட்கள் விற்றுவிட்டார்களா என்று கேட்டார். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு ஒரு லோயர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் சொல்லித்தான் தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கடிதத்தைத் தேடி எடுத்து வந்தேன். அவர் அதை வாசித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எஸ்டேட் என்று இங்கே எதைச் சொல்கிறார்கள் என்று தெரியுமா?"

சட்டத்தில் எஸ்டேட் என்பது ஓர் இடமல்ல. ஒரு மனிதர் இறக்கும்போது விட்டுப் போகும் அத்தனையும் அவருடைய எஸ்டேட்: காணி, வீடு, பேங்கில் கிடக்கும் காசு, கடைச் சரக்கு, ஊரார் அவருக்குத் தரவேண்டிய கடன். அவர் ஊராருக்குத் தரவேண்டிய கடனும் அதிலிருந்துதான் போக வேண்டும். ஒரு பழைய சைக்கிளும் ஒரு சோடிச் செருப்பும் மட்டும் இருந்தாலும் அவருக்கு எஸ்டேட் இருக்கிறது என்றார் லோயர் அம்மா. லேட் என்பது காலஞ்சென்றவர். தமிழில் எழுதியிருந்தால் 'காலஞ்சென்ற இன்னாரின் ஆதனம்' என்று வந்திருக்கும். அப்படி வந்திருந்தால் அப்பா கொண்டு போயிருக்கும் இடம் தோட்டத்து ஆபீசாக இருந்திருக்காது.

அன்று இரவு லிப்கோ அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். பிறகு ஞாயிறுகளில் டி.எஸ். சேனாநாயக்க நூலகத்துக்கும் போய் வந்தேன். சொல்லின் அடி லத்தீனில், நிலை என்ற பொருள். ஒருவன் உலகத்தில் எந்த நிலையில் நிற்கிறான் என்பது முதலில் வந்தது. நிலம் வைத்திருப்பவனுக்கே நிலை என்று ஆன காலத்தில் நிலத்தின் மேலும் அந்தப் பெயர் ஏறிவிட்டது. 1789இல் பிரான்சில் புரட்சி வந்தபோது குருமார், பிரபுக்கள், மற்ற சனம் என்று மூன்று எஸ்டேட் இருந்தன. பத்திரிகைகளை நான்காவது எஸ்டேட் என்பது இப்படி மூன்றாக எண்ணியதன் தொடர்ச்சி. கண்டிச் சீமையில் கோப்பி போட வெள்ளைக்காரர் வாங்கிய பெருங்காணிகள் எஸ்டேட் ஆனதும் இதே வழியில்தான். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை வைத்தபோது அந்தப் பெயர் தேயிலைக்கும் வந்தது. அந்த மலை எங்கள் பக்கம்தான், கலஹாவிலிருந்து தெல்தோட்டை வழியாக ஏறிப் போக வேண்டும். டெய்லர் 1892இல் இறந்தார், கல்லறை மஹியாவ மயானத்தில் இருக்கிறது.

சொத்து, தோட்டம் இரண்டுக்கும் ஒரே சொல். எங்கள் சனத்துக்கு ஒரு பொருள் மட்டும் போதும் என்று யாரோ தீர்மானித்தது போலத்தான் இருக்கிறது. தோட்டத்தில் ஆயுள் பூராகவும் உழைத்தவர்களுக்கு லயத்துக் காம்பராவுக்குக்கூட உறுதி கிடையாது. விட்டுப் போக ஒன்றுமில்லாத இடத்தில் அந்த இரண்டாவது பொருள் யாருக்குத் தேவைப்படும்? என் அப்பாவுக்கு அது தெரியாமல் போனதன் காரணம் படிப்பறிவில்லாமை அல்ல.

மச்சானிடம் பேசப் போனபோது அவன் வேறொரு கதை சொன்னான். "இது கண்டி. கல்யாணம் கட்டி வெளியே போன பொம்பளைக்கு இங்க பங்கில்லை." அம்மா அதை நம்பிக் கலங்கிப் போனார். இந்த ஒரு விசயத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கண்டியச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதில் தீக முறையில் கல்யாணம் செய்து போன மகளுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை போகும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் அது கண்டிய சிங்களவருக்கான சட்டம். கண்டியில் குடியிருப்பதால் மட்டும் நம்மை அது கட்டாது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை இருக்கிறது, அதுவும் நமக்கில்லை. மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டம், 1876ஆம் ஆண்டின் விவாக உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டம். புருஷனோ மனைவியோ இருந்தால் அவருக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்கு. மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை என்றால் கூடப்பிறந்தவர்களுக்குச் சமமாக. அவர்களில் ஒருவர் இறந்திருந்தால் அவருடைய பங்கு அவர் பிள்ளைக்கு. ஆணென்றும் பெண்ணென்றும் அதில் பேச்சே இல்லை. ஆகவே மாமாவின் எஸ்டேட்டில் மச்சானுக்கு மூன்றில் ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, சின்னம்மாவுக்கு ஒன்று.

மற்ற வேலைகள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். கிராம சேவகரிடம் கடிதம், பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழ்கள், சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி. அம்மாவின் பெயர் ஒரு பத்திரத்தில் லெட்சுமி, இன்னொன்றில் லக்ஷ்மி, தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலில் லெச்சுமாயி. மூன்றும் ஒருவரே என்று 'என்கிற' போட்டு எழுத வேண்டி வந்தது. அண்ணன் தங்கை என்று காட்ட இருவரின் பிறப்புச் சான்றிதழிலும் தாய் தகப்பன் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், அது அதிர்ஷ்டவசமாக ஒத்துப் போயிற்று. பிறப்புப் பதிவே இல்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். கோத்தகிரியில் சின்னம்மாவிடம் அற்றோணித் தத்துவத்தில் கையெழுத்து வாங்கினோம். அவர் தன் பங்கையும் அம்மாவுக்கே விட்டுக் கொடுத்தார். "அக்கா, நான் போன அன்னைக்கு நீ குடுத்த சீலையைத்தான் கப்பல்ல கட்டியிருந்தேன்" என்று போனில் சொன்னார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை.

வழக்கை இழுக்காமல் நாங்கள் இணக்கத்துக்கு வந்தோம். அம்பிட்டிய வீட்டையும் காணியில் ஒரு பகுதியையும் விற்றுக் கணக்கு முடித்து, மிச்சத் துண்டுக் காணி அம்மாவின் பெயருக்கு வந்தது. கடைக் காசு மச்சானோடு போயிற்று. நியாயப்படி மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு, கிடைத்தது அதைவிடக் குறைவு. நிர்வாகப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கேட்டு, கடையை வாங்கியவரையும் வழக்கில் இழுத்துக் கடைசி வரை நின்றிருக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களில் ஒருவரும் தவணைக்குத் தவணை அம்மாவின் கையைப் பிடித்து கோட்டுப் படி ஏறவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அம்மா உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில் ஒரு உறுதியை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன், கொடுத்தேன். திரும்பவும் அந்த இடத்தில் நின்றால் அதையேதான் செய்வேன்.

அந்த நாளிலிருந்து இந்தச் சொல் எங்கு வந்தாலும் நின்று பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள், எவ்வளவு இடத்தில் வருகிறது என்று தெரியும்.

அரசாங்கக் கணக்கெடுப்பில் நாடு மூன்று துறை: நகரம், கிராமம், பெருந்தோட்டம். மூன்றாவதற்கு இங்கிலீசில் எஸ்டேட். படிவத்தில் அந்தக் கட்டத்தில் அடையாளம் போட்டால் நீங்கள் கிராமத்தவர் அல்ல. இது வெறும் பெயர் என்று நினைக்காதீர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது, அது தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் வேலை செய்வதைத் தடுத்து வைத்தது. தோட்டத்து வீதி குழியாகிக் கிடக்கும், சபையிடம் போனால் அது எஸ்டேட், எங்களால் தொட முடியாது என்பார்கள். நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபைதான் அது. 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்று உங்கள் ஊர்ச் சபையில் யாராவது பழைய பதிலைச் சொன்னால் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள், நான் கேட்டிருக்கிறேன்.

டவுனில் வேலை தேடிய காலத்தில் ஒரு கடை முதலாளி என் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எஸ்டேட் ஆளா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்குள் சாதி, படிப்பு, சம்பளம் எவ்வளவு கொடுத்தால் போதும் என்பது எல்லாம் அடங்கியிருந்தது. அதே தெருவில் வெள்ளைக்காரப் பயணிகளுக்குத் தேயிலை விற்கும் கடைகளில் அழகான தகரப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றில் 'சிங்கிள் எஸ்டேட்' என்று பொன்னிறத்தில் அடித்திருக்கும். பல தோட்டத்துத் தூளைக் கலக்காமல் ஒரே தோட்டத்துக் கொழுந்தில் செய்தது என்று பொருள், அதற்கு விலையும் கூடுதல். கொழுந்து எந்த எஸ்டேட் என்பது மதிப்பு, அதைப் பறித்தவள் எந்த எஸ்டேட் என்பது தாழ்வு. அந்தக் கடைகளைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

தமிழில் சொன்னாலும் தப்ப முடியாது. எங்கள் கடையில் சுன்னாகத்துப் பையன் ஒருவன் வேலைக்கு வந்தான். நான் தோட்டத்து ஆள் என்றதும், "எத்தனை பரப்பு? மிளகாயா வெங்காயமா?" என்று ஆவலோடு கேட்டான். யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் சொந்தக் காணியில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துச் செய்யும் பயிர். சிங்களத்தில் வத்த என்றால் வீட்டைச் சுற்றிய வளவும் அதுதான், தேயிலைத் தோட்டமும் அதுதான், நகரத்துச் சேரியும் அதுதான். இங்கிலீசுக்குத் திரும்பினால், காணி விற்கும் பலகைகளில் ரியல் எஸ்டேட் என்று வருவது நிலமும் கட்டடமும். பழைய உறுதிகளைப் புரட்டினால் எஸ்டேட் டியூட்டி என்ற சொல் வரும். இறந்தவரின் சொத்தின் மேல் முன்பு இருந்த வரி அது, தோட்டத்தில் செய்த டியூட்டி அல்ல. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் ஒருவர் தன் பாட்டனார் பெயரில் இருந்த அப்படியொரு தாளை, சேவைக்காலத்துக்கு ஆதாரம் என்று ஈ.பி.எப். காசுக்குக் கொண்டுபோய் நீட்டி வெறுங்கையோடு திரும்பினார்.

ஈ.பி.எப். என்றதும் ஒன்று. உங்கள் அப்பாவும் என் அப்பாவைப் போல் செக்ரோலில் பேர் விழுந்து உழைத்தவராகத்தான் இருப்பார். சம்பளத்தில் அவர் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம், அந்தக் காசு அவருடையது. தனக்குப் பின் யாருக்கு என்று பெயர் குறித்து வைத்திருக்கிறாரா என்று அவர் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். குறித்த பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், சாவைப் பற்றிப் பேசுவது போல. நான் கேட்டேன். அப்பா முதலில் கோபப்பட்டார், பிறகு தானே டிரங்குப் பெட்டியைத் திறந்து தாள்களை எடுத்துப் போட்டார்.

தபாலுக்கு ஒரு வழி செய்து கொள்ளுங்கள். டவுனில் வேலை செய்யும் பிள்ளை இருந்தால் அவன் கடை விலாசத்தைக் கொடுங்கள். கடை முதலாளி சம்மதிப்பார், என்னுடையவர் சம்மதித்தார். இப்போது எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு வரும் முக்கியமான கடிதங்கள் ஹாட்வெயார் கடைக்குத்தான் வருகின்றன. சீமெந்து மூட்டைக்கும் கல்லாப் பெட்டிக்கும் நடுவே அவற்றுக்கென்று ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறேன்.

எந்தக் கடிதத்தையும் யார் கையிலும் கொடுக்கும் முன் போனில் படம் எடுத்து வையுங்கள். முதல் வரியோடு நிற்காதீர்கள், உங்கள் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் பெயர் இருந்தால் அது உங்களுக்கு வந்த கடிதம், துரை கேட்டாலும் கொடுக்கத் தேவையில்லை. அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்திருந்தால் தமிழில் தரும்படி எழுதிக் கேளுங்கள். 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரச கருமமொழி, அது உங்கள் உரிமை. லோயர் கடிதத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே அதைத் தெரிந்த ஒருவரிடம் காட்டியே ஆக வேண்டும். காசில்லை என்றால் கண்டியில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, போங்கள். கிளாக்கரிடம் மட்டும் போகாதீர்கள். எல்லாக் கிளாக்கரும் அப்படியா என்று கேட்பீர்கள். எனக்கு நேர்ந்ததைத்தான் நான் சொல்ல முடியும்.

அகராதியில் தெரியாத சொல்லைத் தேடுவதற்கு முன் தெரிந்த சொல்லைத் தேடுங்கள். என் மகளுக்கு அதைத்தான் பழக்கியிருக்கிறேன். போன வாரம் டிவிசன், நோட்டீஸ், பார்ட்டி மூன்றையும் எடுத்து உட்கார்ந்தாள். வழக்கில் பார்ட்டி என்றால் ஒரு தரப்பு என்று அவளே கண்டுபிடித்து என்னிடம் ஓடி வந்தாள். அவளுடைய இங்கிலீசு டீச்சர், இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை, நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாராம். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

கடைசியாக, விருப்பாவணம். காணி இருக்கிறவர்களுக்குத்தானே என்று விடாதீர்கள். என் மாமாவைப் போலக் காணி இருந்தவரே எழுதாமல் போனதால்தான் இத்தனையும் வந்தது. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும். நொத்தாரிசு இல்லாமல் என்றால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். நொத்தாரிசுமார் எந்த மொழியில் எழுதலாம் என்பதற்குத் தனித்தனி அனுமதி உண்டு, ஆகவே தமிழில் எழுத அனுமதி உள்ளவரா என்று முதலில் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

அம்மாவை அப்படிப்பட்ட ஒருவரிடம் போன மாதம் கூட்டிப் போனேன். அம்பிட்டியத் துண்டு எனக்கும் அக்காவுக்கும் பாதி பாதி, தோடு பேத்திக்கு, அடகில் இருக்கும் சங்கிலியை யார் மீட்கிறார்களோ அவர்களுக்கு என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். நொத்தாரிசு எழுதியதைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டினார். அம்மா இடையில் நிறுத்தி, "ஐயா, மாடு ஒன்னு நிக்குது, அதையும் எழுதுங்க" என்றார். எழுதினார்கள். அதன் பிரதி ஒன்று என்னிடமும் ஒன்று அக்காவிடமும் இருக்கிறது, பிஸ்கட் டின்னில் வைக்கவில்லை.